தூரிகையா, பெட்டியா, வேலியா?

எங்கள் வளவில் கொடித்தோடை (பாஷன் பழம்) பந்தலுக்குக் கீழே கூட்டினால் சருகை விடப் பூதான் அதிகம் வரும். மத்தியானம் விரிந்து, இரவோடு சுருங்கி, இரண்டு நாளில் காம்போடு கழன்று விழுகிற பூ. ஒருநாள் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு எண்ணினேன். 41 பூ. நிமிர்ந்து பந்தலைப் பார்த்தேன். 4 காய்.

பக்கத்து வளவுப் பெரியம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "உது மலட்டுக் கொடி தம்பி. வெட்டிப்போட்டுப் பாவக்காய் போடு" என்றார். மச்சான் தேனீப் பெட்டி வைக்கச் சொன்னான். எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் பூவைத் தூரிகையால் தொட்டு மகரந்தம் சேர்த்துவிடச் சொன்னார். முள்ளியவளையில் இருக்கும் கூட்டாளி மாமரத்தில் மீன்தலை கட்டச் சொன்னான். மூன்று வருடத்தில் இவை எல்லாவற்றையும் செய்து பார்த்தாயிற்று, பாவக்காயைத் தவிர. எதற்கு எது சரிவந்தது, எது காசுக்குக் கேடு என்று இப்போது ஓரளவு சொல்ல முடிகிறது.

வன்னியில் தேனீ குறைவு என்றால் வெளியூர்க்காரர் நம்பமாட்டார்கள். காட்டுத் தேனுக்குப் பெயர்போன இடமல்லவா? ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தால் நல்ல தேன் போத்தலில் கிடைக்கும். ஆனால் நாட்டுத் தேனீ பெரும்பாலும் கூட்டிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்தான் மேயும். காடு அங்கே இருக்கிறது, என் வளவு இங்கே இருக்கிறது. இரணைமடு வாய்க்கால் பக்கத்தில் கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். சண்டை முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது வளவெல்லாம் பற்றை. வெட்டி எரித்தோம். பட்ட மரங்கள் விறகாயின. கதியால் வேலி நின்ற இடத்தில் சீமெந்துத் தூணும் முட்கம்பியும் வந்தன. கிடுகுக் கூரை தகரமாயிற்று. பெரும்போகத்தில் நாலு பக்க வயலுக்கும் மருந்து அடிக்கிற மணம் வீட்டுக்குள் வரும். தேனீக்கு இருக்க இடமும் இல்லை, தின்னச் சாப்பாடும் இல்லை. அது ஏன் வரப்போகிறது?

முதலில் மரத்தைப் பாருங்கள்

காய் பிடிக்கவில்லை என்றதும் தேனீயில் பழி போடக்கூடாது. பாதி மரங்களுக்குத் தேனீ ஒரு பொருட்டே இல்லை.

வாழைக்கு மகரந்தமே வேண்டாம். தேசி, தோடை, கொய்யா எல்லாம் தங்கள் பூவின் மகரந்தத்தாலேயே காய்க்கும். தேனீ வந்தால் இன்னும் கொஞ்சம் கூடும், வராவிட்டாலும் வளவு வெறுமையாகாது. தேசிப் பூ கொட்டுகிறதென்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். மாதுளையில் இரண்டு விதப் பூ வரும். அடி பருத்துக் குடம்போல இருப்பது காய்க்கும். அடி ஒடுங்கி மணிபோல இருப்பது ஆண் பூ, அது விழத்தான் வேண்டும். அதைப் பார்த்து மனம் உடைந்து மருந்துக் கடைக்கு ஓடியவர்களை எனக்குத் தெரியும்.

பப்பாசியின் கதை நடும்போதே முடிந்துவிடும். இருபால் பூப் பூக்கிற மரம் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், காயும் நீளமாக வரும். பெண் மரத்தின் காய் உருண்டை. அதற்கு மகரந்தம் வெளியிலிருந்து வரவேண்டும், அதையும் பெரும்பாலும் இரவில் பறக்கிற அந்துப்பூச்சிதான் கொண்டுவரும். குழிக்கு மூன்று கன்று வைத்து, பூ வந்தபின் இருபால் மரத்தை விட்டு மற்றதைப் பிடுங்கிவிட்டால் அதோடு சரி.

மாமரத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒரு பூங்கொத்தில் ஆயிரம் பூவுக்கு மேலும் இருக்கலாம், அதில் பெரும்பங்கு ஆண் பூ. நூறு பூவுக்கு ஒரு காய்கூட நிற்காதது மாமரத்தின் இயல்பு. அதனால் மரத்தடியில் பூ கொட்டிக் கிடப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கொத்தில் வெள்ளை மா தூவினதுபோல் இருந்தால் அது தை, மாசிப் பனியில் வருகிற பூஞ்சண நோய். இலை பிசுபிசுத்து, பிறகு கரி பூசினதுபோல் கறுத்தால் தத்துப்பூச்சி. இரண்டுக்கும் தேனீ மருந்தாகாது.

கழித்துப் பார்த்தால் எங்களைப் போன்ற வளவில் உண்மையிலேயே ஆள் தேடுகிறவை கொடித்தோடை, அன்னமுன்னா (சீத்தாப்பழம்), டிராகன் பழம். அவற்றுக்குப் பின்னால் மா. வேடிக்கை என்னவென்றால், இந்த நான்கில் ஒன்றுக்கும் தேனீ முதலாவது ஆள் இல்லை.

கையால் தொடுவது

கொடித்தோடைப் பூ ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஊதாவும் வெள்ளையுமாக நூல் நூலாக ஒரு வட்டம். நடுவே ஒரு தண்டு எழும்பும். அதில் ஐந்து மகரந்தப் பைகள் முகம் கவிழ்ந்து தொங்கும். அவற்றுக்கும் மேலே ஆணித்தலை போல, மகரந்தம் படவேண்டிய மூன்று சூல்முடிகள். மகரந்தம் பாரமானது, விரலில் ஒட்டும், காற்றுக்குப் பறக்காது. சின்னத் தேனீ தேன் குடிக்க உள்ளே நுழைந்தால், வீட்டு நிலைக்குக் கீழே பூனை போகிற மாதிரி. முதுகு எதிலும் முட்டாது. மரம் துளைக்கிற பெரிய கருவண்டு வந்தால்தான் முதுகு மகரந்தப் பையில் உரசும். அடுத்த பூவில் அதே முதுகு சூல்முடியில் தேயும். இன்னொன்றும் உண்டு. தேனீ இந்தப் பூவுக்கு வந்தால் மகரந்தத்தை வழித்துத் தன் கூட்டுக்குக் கொண்டுபோகும். பிறகு வருகிற வண்டுக்கு மிச்சம் ஒன்றும் இராது. கொடித்தோடைக்காகத் தேனீப் பெட்டி வாங்குவது உண்டியலுக்குக் கள்ளனைக் காவல் வைக்கிற கதை.

அப்புறம் நான் செய்த பிழை. தூரிகை வாங்கி, இரண்டு கிழமை மத்தியான வெயிலில் ஏணி வைத்து ஏறி இறங்கித் தொட்டேன். ஒரு காய் இல்லை. போதனாசிரியர் வந்து பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த ரண்டு கொடியும் எங்க எடுத்தனீங்கள்?" இரண்டும் மாமி வீட்டுக் கொடியின் தடிகள். அவர் சிரித்தார். "ரண்டும் ஒரு தாயின்ர தடியெண்டா நீங்கள் தொட்டும் ஒண்டுதான், தொடாட்டியும் ஒண்டுதான்."

மஞ்சள் பழக் கொடித்தோடை தன் மகரந்தத்தை ஏற்காது. தடி வெட்டி நட்டால் அது அதே கொடிதான், இரண்டு இடத்தில் நிற்கிறது, அவ்வளவே. வேறு விதையில் முளைத்த இன்னொரு கொடி வேண்டும். ஊதாப் பழ இனத்துக்கு இந்தப் பிடிவாதம் இல்லை, ஆனால் அது மலைநாட்டுக் குளிருக்கு உரியது. அடுத்த நாள் பரந்தனில் சொந்தக்காரர் வீட்டுப் பந்தலில் 5 பூவைப் பறித்து, சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து, சைக்கிளில் கொண்டுவந்து தொட்டேன். அன்று தொட்டது 12 பூ. ஒரு கிழமையில் 9 கொட்டைப்பாக்கு அளவுக்குத் திரண்டு நின்றது. முதலில் சொன்ன அந்த 4 காயும் எங்கோ தொலைவிலிருந்து வந்த ஒரு வண்டின் புண்ணியம் என்பது அப்போதுதான் விளங்கியது.

செய்முறை இதுதான். மஞ்சள் இனம் மத்தியானத்தை ஒட்டித்தான் விரியும். விரிந்ததும் தொடவேண்டாம். சூல்முடிகள் அப்போது மேல்நோக்கி நிற்கும், மெல்ல வளைந்து கீழே வர ஒரு மணித்தியாலம்வரை எடுக்கும். வளைந்தபின் ஒரு கொடியின் பூவைப் பறித்து, அதன் மகரந்தப் பையாலேயே மற்றக் கொடியின் பூவில் மூன்று சூல்முடியையும் தேய்க்க வேண்டும். தூரிகைகூடத் தேவையில்லை. ஒரு பூவால் நாலைந்து பூ தொடலாம். மூன்றையும் தேய்ப்பது முக்கியம், ஏனென்றால் எவ்வளவு மகரந்தம் படுகிறதோ அவ்வளவுக்கு விதை, விதைக்கு ஏற்றபடிதான் சாறு. அரைகுறையாகத் தொட்ட பூ காய்க்கும், ஆனால் வெட்டினால் உள்ளே கோறை. தொட்டபின் இரண்டு மணித்தியாலத்துக்குள் மழை விழுந்தால் மகரந்தம் தண்ணீரில் வெடித்து வீணாகிவிடும். குழாயால் பந்தலுக்கு மேலே தண்ணீர் விசிறுகிற பழக்கம் இருந்தால் அதையும் பின்னேரத்துக்குத் தள்ளிப் போடுங்கள். பள்ளிக்கூடம் விட்டு மகள் வருகிற நேரமும் இந்த நேரமும் ஒன்று. உடுப்பு மாற்ற முதல் இருபது பூத் தொட்டுவிடுவாள், பத்து நிமிடம் போதும்.

அன்னமுன்னா வேறு சாதி. கோடையில் அன்னமுன்னாவை யாரும் கவனிப்பதில்லை. வருகிறபடி வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். பிறகு ஒரு பக்கம் திரண்டு மறுபக்கம் சூம்பிய காயைப் பார்த்து "நோய்" என்பார்கள். நோய் இல்லை. அந்தப் பழத்தின் ஒவ்வொரு கண்ணும் ஒரு தனிச் சூலகம். மகரந்தம் படாத கண் வளராது, அந்த இடம் உள்வாங்கிவிடும். பூ முதலில் பெண்ணாக இருக்கும். இதழ் நுனி சற்றே பிரிந்து, உள்ளே சூல்முடி ஈரமாக மினுங்கும். பிறகுதான் ஆணாகும். இதழ் நன்றாக விரிந்து மகரந்தம் உதிரும். ஒரே பூவில் இரண்டும் ஒன்றாக நடக்காது. இதற்கு வருகிற ஆள் தேனீ இல்லை, எள்ளளவு வண்டு, அதுவும் அழுகிய பழ மணத்துக்கு வருகிறது.

நான் பின்னேரம் ஆணாகப் போகிற பூக்களைப் பறித்து ஒரு கடதாசியில் பரப்பி இரவு வைப்பேன். விடிய அதில் தூள் உதிர்ந்திருக்கும். அதை மருந்துப் போத்தல் மூடியில் எடுத்து, பிள்ளைகள் நிறம் தீட்டுகிற சின்னத் தூரிகையால், வெயில் ஏறுமுன் பெண்ணாக நிற்கிற பூவின் இதழை இரண்டு விரலால் விலக்கி உள்ளே சுற்றிவிடுவேன். தூரிகை ஒரு பக்கம் மட்டும் பட்டால் காயும் ஒரு பக்கம்தான். சோளகக் காற்று அடிக்கிற நாட்களில் சூல்முடி காய்ந்துபோகும், எவ்வளவு தொட்டும் பயனில்லை. அந்த நாட்களில் முதல்நாள் மரத்தடிக்குத் தண்ணீர் விட்டுப் பார்க்கிறேன். இந்த வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள் அழுகிய வாழைப்பழத்தையும் அன்னாசித் தோலையும் மரத்தடியில் போட்டு வைக்கலாம். சின்ன வண்டு கூடும். கையால் தொடுவதற்கு அது ஈடில்லை, ஆனால் சும்மா இருப்பதற்கு எவ்வளவோ மேல்.

டிராகன் பழம் இரவில் பூக்கும், ஒரே இரவு. வெள்ளைச் சதை இனங்கள் பெரும்பாலும் தாமே காய்க்கும். சிவப்பில் பலதுக்கு வேறு இனத்தின் மகரந்தம் வேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ரோச் லைட்டோடு போய்த் தொட்டால் முடிந்தது. பூ பெரியது, மகரந்தம் அள்ள அள்ள இருக்கும், கண் மங்கியவர்களும் செய்யலாம்.

கைக்கு ஒரே குறை, அது கை. நாள் தவறாமல் ஒருவர் நிற்க வேண்டும். வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் இரண்டு நாள் நின்றால் அந்த இரண்டு நாள் பூவும் போச்சு. மாமரத்துக்கு இந்த வழியே இல்லை.

பெட்டி

பெட்டி வைத்தது இரண்டாம் வருடம். காசு விபரம் சொல்லவில்லை, மனைவி இதை வாசிப்பாள். மாசியில் தேனீக் குடும்பத்தோடு வந்தது. வேம்பு பூத்த காலம், பெட்டி வாசலில் வரவும் போக்கும் சந்தை மாதிரி. பங்குனியில் ஒரு அடையில் தேன் பார்த்தோம். அப்போது எனக்கு வந்த பெருமையை இப்போது நினைத்தால் வெட்கம்.

வைகாசி போனது. சோளகம் தொடங்கியது. வளவில் பூ என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஒருநாள் விடிய பெட்டிக் காலில் எறும்பு வரிசை. கால்களைச் சிரட்டையில் தண்ணீர் வைத்து நிறுத்தியிருந்தேன், அந்தத் தண்ணீர் வற்றி இரண்டு நாளாகியிருந்தது. மூடியைத் திறந்தால் அடையில் மெழுகுப் பூச்சியின் வலை. ஆடி இரண்டாம் கிழமை மத்தியானம் ஒரு இரைச்சல் கேட்டது. வெளியே வந்து பார்க்க, பெட்டிக்கு மேலே ஒரு முகில் சுற்றி எழும்பி, வயலுக்கு மேலால் கிழக்கே போனது. வாசலில் ஒன்றிரண்டு நின்றது. விற்றவரைத் தொலைபேசியில் பிடித்தேன். ராணி சரியில்லாமல் போயிருக்கும், புதுக் குடும்பம் ஒன்று தரலாம் என்றார். வேண்டாம் என்றேன்.

ராணியில் பிழை இருந்ததாக நான் நினைக்கவில்லை. பஞ்சம் வந்தால் கூட்டை விட்டுப் போவது நாட்டுத் தேனீயின் சுபாவம். காய்ந்த மாதங்களில் சீனிப்பாணி வைக்க வேண்டும், வெயிலில் நிழலும் பக்கத்தில் தண்ணீரும் வேண்டும், கிழமைக்கொருதரம் திறந்து பார்க்க வேண்டும். பெட்டி விற்கிற அன்று இதை யாரும் சொல்வதில்லை. தேனீ வளர்ப்புக்கென்று விவசாயத் திணைக்களத்தின் பிரிவு ஒன்று பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவவில் இருக்கிறது. ஆனால் அது மலைநாடு. யூக்கலிப்டஸ் பூக்கிற ஊரின் நாட்காட்டியை ஆடி மாதக் கிளிநொச்சிக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

பெட்டி கூடாது என்று சொல்ல வரவில்லை. தென்னந்தோட்டம் இருந்தால், அதுவும் ஏக்கர் கணக்கில் இருந்தால், வையுங்கள். தென்னை வருடம் முழுக்கப் பாளை விடும், தேனீக்குப் பட்டினி இல்லை. பூசணி, வத்தகப்பழம் போடுகிற தோட்டக்காரருக்கும் பெட்டி காசைத் திருப்பித் தரும். பத்துப் பழமரம் நிற்கிற வீட்டு வளவுக்கு மட்டும் மகரந்தத்துக்கென்று பெட்டி வாங்குவது, ஒரு தேங்காய்க்குச் செக்கு வாங்குவது.

ஆசை தீராதவர்களுக்கு முட்டி இருக்கிறது. பழைய மண்முட்டி ஒன்றுக்குள் தேன்மெழுகு தடவி, வாயைச் சிரட்டையால் மூடி, விரல் நுழைகிற துளையொன்று விட்டு, நிழல் மரக் கொப்பில் கட்டிவிடுவது. குடும்பம் பிரிந்து வீடு தேடுகிற காலத்தில் வந்து புகுந்தாலும் புகும். நான் இரண்டு கட்டினேன். ஒன்றில் பல்லி முட்டையிட்டது. மற்றதில் தேனீ வந்து ஐந்து மாதம் இருந்தது. போனபோது எனக்குக் கவலையும் வரவில்லை, கடனும் வரவில்லை.

கொசுத்தேனீயைப் பலர் தேனீக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கொட்டாது. கறுப்பாக, இலையான் குஞ்சு மாதிரி. எங்கள் கிணற்றுக் கட்டில் வெடிப்பொன்றிலிருந்து பிசின் குழாய் ஒன்று சின்னி விரல் தடிப்பில் நீட்டிக்கொண்டு நின்றது. மேசன் அதையும் சேர்த்துச் சீமெந்து பூச வந்தார், நிறுத்திவிட்டேன். சில நூறு மீற்றருக்குள்தான் அது சுற்றும், அதாவது என் வளவை விட்டு அதிகம் போகாது. கொய்யா, தேசி, தென்னை, மா என்று சின்னப் பூக்களில் முழுநாளும் நிற்கும். இருக்கிற கூட்டை இடிக்காமல் விடுவதுதான் இதற்குச் செலவு.

மீன்தலை

கூட்டாளி சொன்னது பகிடி இல்லை. மாம்பூவுக்கு முக்கிய விருந்தாளி ஈதான். மாந்தோப்பு வைத்திருக்கிற வேறு நாடுகளிலும் ஈயைக் கூப்பிட இப்படி நாறுகிற சாமானைப் போடுவது வழக்கம். சந்தையில் மீன்தலை வாங்கி, வெங்காயம் வருகிற வலைப்பையில் போட்டு, கறுத்தக்கொழும்பான் மரத்தில் மூன்று இடத்தில் கட்டினேன். மூன்றாம் நாள் நீல ஈ மொய்த்தது. நான்காம் நாள் ஒரு பையை நாய் இழுத்துவந்து விறாந்தையில் பிரித்துப் போட்டது. அன்று பார்த்து மகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கிற ரீச்சர் வந்திருந்தார்.

அந்த வருடம் கீழ்க் கொப்புகளில் காய் கூடத்தான் நின்றது. ஆனால் அது ஊரெல்லாம் மா காய்த்த வருடம், மீன்தலை கட்டாத பெரியம்மாவின் அம்பலவியும் முறியக் காய்த்தது. அதனால் இதற்கு நான் சாட்சி சொல்லமாட்டேன். வீட்டிலிருந்து தள்ளி மரம் நிற்கிறவர்கள் செய்து பார்க்கலாம். முசுறு கூடு கட்டியிருக்கிற மரத்தில் செய்து பயனில்லை, முசுறுக்குப் பயந்து ஈயும் தேனீயும் பூவில் தங்காது. மாமரத்துக்கு இதைவிட உறுதியான ஒன்று, பூத்திருக்கும்போது பூச்சி மருந்தை நிறுத்துவது. தத்துப்பூச்சி தாங்கமுடியாமல் அடித்தே ஆகவேண்டுமென்றால் பூ விரியுமுன் அடிக்கலாம். பூ விரிந்தபின் அடித்தால், தத்தோடு சேர்த்து ஈயையும் கொசுத்தேனீயையும் கொன்றுவிட்டுக் காய்க்கவில்லை என்று நிற்க வேண்டியதுதான்.

வேலி

கருவண்டுக்குத் தேவை பட்ட மரமும் பூவும். முன்பு கூரையின் பனங்கைமரத்தில் துளை போட்டுக் குடியிருக்கும். அம்மா அந்தத் துளைக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் துணியால் அடைப்பார். இப்போது இரும்புக் குழாயும் தகரமும், அடைக்கத் துளையே இல்லை. பந்தலில் பூ கொட்டியதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

இரண்டாம் வருட மாரியில் மேற்குப் பக்க முட்கம்பியோடு சேர்த்துச் சீமைக்கிளுவைக் கதியால் 30 நட்டேன். தடி சும்மா கிடைத்தது. குழி அலவாங்கால் குத்தினது. ஐப்பசி மழைக்கு நட்டது கார்த்திகையில் துளிர்த்தது. இடையில் முருங்கை நாலு. கிணற்றடியில் துளசி, அது முன்பே இருந்ததுதான், பூவைக் கிள்ளுவதை மட்டும் நிறுத்தினோம். சீமைக்கிளுவை தை முதல் பங்குனி வரை இலை உதிர்த்து, வெறும் கொப்பில் இளஞ்சிவப்பாகப் பூக்கும். கருவண்டுக்கு அது கலியாண வீடு. ஒரு நிபந்தனை, வெட்டாமல் விட்டால்தான் பூக்கும். ஆட்டுக்குக் குழை என்று மாதம் மாதம் வெட்டுகிற வேலியில் பூவே வராது. நாங்கள் ஒரு கதியால் விட்டு ஒரு கதியால் வெட்டுகிறோம். ஆட்டுக்கும் உண்டு, வண்டுக்கும் உண்டு.

பட்டுப்போன முள்முருக்கு ஒன்றைத் தறித்து, கை நீளத் துண்டுகளாக்கி, மழை படாமல் ஆட்டுக்கொட்டில் வளையில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். அது மெத்தென்ற மரம். பச்சை மரத்தை வண்டு தொடாது, நன்றாகக் காயவேண்டும்.

வேலிக்குக் காசு இல்லை, காத்திருப்பு உண்டு. நட்ட வருடம் ஒன்றும் நடக்காது. அடுத்த தையில் ஆங்காங்கே பூ வந்தது. பந்தலில் வண்டு வந்ததை நான் கண்ணால் கண்டது இந்த வருடம் வைகாசியில்தான். அதுவும் நாளுக்கு ஒன்று, இரண்டு. கையை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. ஆனால் வற்றாப்பளைக்குப் போய் வந்தபோது இந்தமுறை பந்தலில் நாங்கள் தொடாத பூக்களில் 6 காயாக நின்றது.

சரி, எதை எடுப்பது? இந்த வருடமே பழம் வேண்டும், நிற்பது இரண்டு கொடியும் இரண்டு அன்னமுன்னாவும் என்றால் கைதான், வேறு கதை இல்லை. ஆனால் கொடித்தோடைக்குத் தூரிகை எடுக்குமுன் இரண்டாவது விதைக் கொடியை நடுங்கள். வீட்டில் மத்தியானம் ஆள் இல்லை, இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்றால் கொடித்தோடையை மறந்து டிராகனுக்கும் கொய்யாவுக்கும் இடத்தைக் கொடுப்பது நல்லது. இரவிலும் விடியவும் செய்யக்கூடியதைச் செய்யுங்கள். மா மட்டும் நிற்கிற வளவென்றால் மருந்தை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருங்கள். பெட்டி வாங்க நினைக்கிறவர்கள், ஆடி மாதம் உங்கள் வளவில் என்ன பூக்கிறது என்று ஒருதரம் நடந்து பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் அந்தக் காசுக்குக் கதியால் நடக் கூலிக்கு ஆள் பிடிக்கலாம், மிச்சமும் வரும். எதை எடுத்தாலும் கதியாலை வருகிற மாரிக்கே நட்டுவிடுங்கள். அது வளர்கிற காலத்தைக் கையால் ஓட்டலாம்.

போன கிழமை ஆட்டுக்கொட்டிலைக் கூட்டும்போது நிலத்தில் மஞ்சளாக மரத்தூள் சிந்திக் கிடந்தது. நிமிர்ந்து பார்த்தேன். முள்முருக்குத் துண்டில், அச்சுப் போட்டதுபோல் வட்டமாக ஒரு துளை, உள்ளேயிருந்து கறகறவென்று சத்தம். மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, அதே மஞ்சள் தூள் குசினி யன்னலுக்குக் கீழேயும் இரண்டு நாளாகக் கிடக்கிறது என்றாள். அந்த யன்னல் நிலை வேப்பமரம், போன வருடம்தான் போட்டது.